புனிதர் பட்டம்: யார் தருகிறார்கள், யார் ஏற்கிறார்கள், யார் மறுக்கிறார்கள்?

2022 மே 15 அன்று வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில், குமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அவர் கொல்லப்பட்டு 270 ஆண்டுகள் கடந்திருந்தன. 2025 செப்டம்பர் 7 அன்று அதே சதுக்கத்தில் திருத்தந்தை பதினான்காம் லியோ, கார்லோ அக்குதிஸ் என்ற 15 வயதுச் சிறுவனைப் புனிதராக அறிவித்தார். கணினியில் இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருந்த பையன். 2006இல் ரத்தப் புற்றுநோயால் இறந்து 19 ஆண்டுகள்கூட நிறையவில்லை.

இரண்டு செய்திகளுக்கும் வந்த கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் விண்ணகத்தில் இருக்கிறார் என்று ரோமில் உள்ள ஓர் அலுவலகம் எப்படி முடிவு செய்யும்? ‘புதுமை’ (அற்புதம்) என்று எதைச் சொல்கிறார்கள், அதில் மருத்துவர்களுக்கு என்ன வேலை? ஒரே ஊரில் கத்தோலிக்கக் கோயிலில் வெடி வெடிக்கும்போது பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. ஆலயமும் அதற்கடுத்த பெந்தெகொஸ்தே சபையும் ஏன் அமைதியாக இருக்கின்றன? அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில், அறிவிக்கப்படுவது என்ன?

‘புனிதர் பட்டம் வழங்கினார்’ என்று செய்தியில் படித்ததும், பத்மஸ்ரீ மாதிரி சேவையைப் பாராட்டித் தரும் கௌரவம் என்று நினைக்கத் தோன்றும். கத்தோலிக்கத் திருச்சபை சொல்வது அதுவல்ல. இந்த மனிதர் இப்போது இறைவனோடு இருக்கிறார். உலகெங்கும் உள்ள கத்தோலிக்கர் இவரைப் பொதுவில் வணங்கலாம், இவர் பெயரில் கோயில் கட்டலாம், திருப்பலியில் இவர் பெயரைச் சொல்லலாம். அறிவிப்பின் சாரம் இவ்வளவுதான். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும்.

1. திருத்தந்தை யாரையும் புனிதர் ஆக்குவதில்லை. அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார் என்பதை உறுதிசெய்து பட்டியலில் சேர்க்கிறார்.

2. பட்டியலில் இல்லாதவர் விண்ணகத்தில் இல்லை என்று பொருளில்லை. பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் நவம்பர் 1 அன்று அனைத்துப் புனிதர் பெருவிழா.

தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு குறுகிய பொருள் இருக்கவில்லை. பவுல் தம் கடிதங்களில் ‘பரிசுத்தவான்கள்’ என்று விளிப்பது, பிலிப்பி போன்ற ஊர்களில் உயிரோடிருந்த சாதாரண விசுவாசிகளை. பெந்தெகொஸ்தே சபைகள் இன்றும் அந்தப் பொருளிலேயே நிற்கின்றன. அவர்களுக்குப் புனிதர் என்று தனி வகை கிடையாது.

சபைகளுக்கு இடையிலான வேறுபாடுகளை மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் இறைவனிடம் இருக்கிறார் என்பது எப்படித் தெரியும்? அதை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு? அப்படி இருப்பவரிடம் ‘எனக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று நாம் கேட்கலாமா? முதல் இரண்டும் நடைமுறை சார்ந்தவை. நாளடைவில் மாறியிருக்கின்றன, இனியும் மாறும். ஐந்து நூற்றாண்டுகளாக மேற்குலகத் திருச்சபையைப் பிரித்து வைத்திருப்பது மூன்றாவது.

கல்லறையில் தொடங்கி ரோமுக்கு

இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மிர்னாவின் ஆயர் போலிகார்ப் எரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய சபையார் எலும்புகளைச் சேகரித்துப் பத்திரப்படுத்தி, ஆண்டுதோறும் அந்த இடத்தில் கூடி அவர் இறந்த நாளை அவருடைய ‘பிறந்த நாளாக’க் கொண்டாடத் தீர்மானித்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த திருவிழா, திருப்பண்டம் (புனிதரின் எலும்பு, உடைமை போன்றவை), கல்லறை யாத்திரை மூன்றும் இதிலேயே இருக்கின்றன. மனுவோ குழுவோ இல்லை. உயிரைக் கொடுத்ததே சான்று. ஊர் பார்த்ததே சாட்சி.

ரோமப் பேரரசின் துன்புறுத்தல் நின்றதும் ஒரு சிக்கல் வந்தது. மறைசாட்சிகள், அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள், குறைந்தார்கள். அப்படியானால் படுக்கையில் இறந்தவர் புனிதர் ஆக முடியாதா? முடியும் என்பதற்கு மேற்கில் பெரிய முன்னுதாரணம், 397இல் இறந்த தூர் நகர ஆயர் மார்ட்டின். சாவு சாட்சியாக இல்லாதபோது வாழ்க்கையைச் சோதிக்க வேண்டியதாயிற்று. வாழ்க்கையைச் சோதிக்க விசாரணை வேண்டும், விசாரணைக்கு ஒரு அதிகாரி வேண்டும். சில நூற்றாண்டுகளுக்கு அந்த அதிகாரி அந்தந்த ஊர் ஆயர்தான்.

திருத்தந்தை ஒருவர் முறைப்படி அறிவித்த முதல் புனிதர் என்று வரலாற்றில் பதிவாகியிருப்பவர் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக், ஆண்டு 993. ரோம் ஏன் கையில் எடுத்தது என்பதற்கு ஒரு கடிதம் நல்ல சான்று. 1170களின் தொடக்கத்தில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் சுவீடன் அரசருக்கு எழுதியது. குடிபோதையில் கொல்லப்பட்ட ஒருவனை உங்கள் ஆட்கள் புனிதன் என்று கொண்டாடுகிறார்களாமே என்று கண்டிக்கிறார். அவன் பெயரால் புதுமைகளே நடந்தாலும் ரோமைக் கேட்காமல் அப்படிச் செய்யக் கூடாது என்கிறார். ஒரு மனிதனைப் பற்றிய கண்டிப்பு அது. 1234இல் ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட சட்டத் தொகுப்பில் அதுவே பொதுச் சட்டமானது. 1634இல் எட்டாம் அர்பன் இன்னும் இறுக்கினார்: ரோம் சொல்லும் முன் யாருக்கும் ஒளிவட்டம் வரைந்து பீடத்தில் வைக்கக் கூடாது.

அந்த விதியிலிருந்து வந்த விநோதம் இன்றும் உண்டு. ஒருவருடைய வழக்கைத் தொடங்க, மக்கள் அவரைப் புனிதர் என்று மதிப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். கூடவே, அவருக்குப் பொது வழிபாடு எதுவும் நடக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். ஊரார் போற்ற வேண்டும். ஆனால் அவசரப்பட்டுப் பீடத்தில் ஏற்றிவிடக் கூடாது.

ஒரு வழக்கு நகரும் விதம்

இன்றைய நடைமுறையின் அடிப்படை 1983இல் இரண்டாம் யோவான் பவுல் தந்த சட்டம்.

1. இறந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகு, பொதுவாக அவர் இறந்த மறைமாவட்டத்தின் ஆயர் விசாரணையைத் தொடங்குவார். அப்போதிலிருந்து அவர் ‘இறை ஊழியர்’. மதர் தெரசாவுக்கும் இரண்டாம் யோவான் பவுலுக்கும் இந்த ஐந்தாண்டுக் காத்திருப்பு தளர்த்தப்பட்டது.

2. எழுதியவை, பேசியவை, நேரில் பார்த்தவர்களின் சாட்சியம் எல்லாம் திரட்டப்படும். எதிர்த்துச் சொல்பவர்களையும் கேட்க வேண்டும். மதர் தெரசாவைக் கடுமையாக விமர்சித்துவந்த எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸும் அவருடைய வழக்கில் சாட்சியம் சொல்ல அழைக்கப்பட்டார்.

3. கோப்பு ரோமுக்குப் போகும். வழக்கை முன்னெடுத்துச் செல்பவரை போஸ்டுலேட்டர் என்பார்கள். இறையியலாளர்கள், பிறகு கர்தினால்களும் ஆயர்களும் பார்ப்பார்கள். நற்பண்புகளை வீரத்துவமான அளவில் வாழ்ந்தார் என்று திருத்தந்தை ஏற்றால் அவர் ‘வணக்கத்துக்குரியவர்’.

4. அவருடைய பரிந்துரையால் ஒரு புதுமை நடந்ததாக ஏற்கப்பட்டால் ‘அருளாளர்’. இந்தக் கட்டத்தில் வணக்கம் அவருடைய ஊர், நாடு, துறவற சபை அளவில்தான். மறைசாட்சி என்று ஏற்கப்பட்டவருக்கு இந்தப் படியில் புதுமை தேவையில்லை.

5. அருளாளர் ஆன பிறகு இன்னொரு புதுமை. அதுவும் ஏற்கப்பட்டால் ‘புனிதர்’.

இந்த ஏணியில் திருத்தந்தை விரும்பினால் ஒரு படியைத் தாண்டிப் போகலாம். இலங்கையில் டச்சுக்காரர் காலத்தில் மறைந்து மறைந்து பணிசெய்த யோசேப்பு வாஸ் அடிகளை, 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது இரண்டாவது புதுமையைக் கேட்கவில்லை. 2014இல் முன்னாள் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானுக்கும் அப்படியே.

தேவசகாயம் வழக்கில் எது கேள்வியாக இருந்தது?

நீலகண்ட பிள்ளை 1712இல் பிறந்தார். திருவிதாங்கூர் அரசில் அதிகாரி. குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு, பிறகு அதே அரசுக்குத் தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் கொல்லப்பட்டதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதற்காக என்பதில்தான் சிக்கல். கத்தோலிக்க விதிப்படி மறைசாட்சி என்றால், கொன்றவர் விசுவாசத்தின் மீதான வெறுப்பால் கொன்றிருக்க வேண்டும். திருவிதாங்கூர் அரசில் மதம் மாறியதற்காக ஒருவரைக் கொன்றதற்கு ஆவணச் சான்று இல்லை, அது ராஜத்துரோகக் குற்றச்சாட்டு என்று வரலாற்றாய்வாளர்கள் சிலர் வாதாடினார்கள். மனமாற்றமும், சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும்தான் உண்மையான காரணம், துரோகக் குற்றம் அதற்கான போர்வை என்றது திருச்சபைத் தரப்பு. 2012 ஜூனில் பதினாறாம் பெனடிக்ட் அதை மறைசாட்சியம் என்று ஏற்றார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் அறிவிப்பு நடந்தது. புனிதர் நிலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட புதுமை, 2013இல் கருவிலேயே இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு குழந்தை பிழைத்தது. 2020இல் அது ஏற்கப்பட்டது. இடையில் இன்னொன்றும் நடந்தது. 2012இல் ‘தேவசகாயம் பிள்ளை’யாக இருந்தவர் 2022இல் வெறும் ‘தேவசகாயம்’ ஆனார். சாதிப் பெயர் வேண்டாம் என்று இங்கிருந்து போன கோரிக்கையின் விளைவு அது.

‘எதற்காகக் கொன்றார்கள்’ என்ற கேள்வி ரோமையே பல முறை திணறடித்திருக்கிறது. ஆஷ்விட்ஸ் முகாமில் வேறொரு கைதிக்குப் பதிலாகத் தாமே சாக முன்வந்த மாக்சிமிலியன் கோல்பேயை 1971இல் ஆறாம் பவுல் அருளாளர் ஆக்கியபோது மறைசாட்சியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1982இல் இரண்டாம் யோவான் பவுல் அவரை மறைசாட்சி என்றே அறிவித்துப் புனிதராக்கினார். எல் சல்வடோரில் திருப்பலி நேரத்தில் 1980இல் சுடப்பட்ட பேராயர் ரொமேரோவின் கோப்பு ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. சுட்டவர்களும் கத்தோலிக்கர்களே, அரசியல் கொலையா, விசுவாசத்துக்கு எதிரான கொலையா? 2015இல் விடை மறைசாட்சி என்று வந்தது, 2018இல் புனிதர். 2017இல் பிரான்சிஸ் ‘பிறருக்காக உயிரைக் கையளித்தவர்’ என்று தனி வழியே திறந்தார். அந்த வழி முன்பே இருந்திருந்தால் கோல்பேயின் வழக்கில் இவ்வளவு இழுபறி இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

புதுமையில் மருத்துவரின் பங்கு

மருத்துவர்கள் ‘இது புதுமை’ என்று சொல்வதில்லை. சொல்லவும் கேட்பதில்லை. குணமானது முழுமையானதா, நிலைத்ததா, இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியாததா என்பதே அவர்களுக்கான கேள்வி. 2016இல் திருத்தப்பட்ட விதிப்படி, ஏழு பேர் கொண்ட குழுவில் ஐந்து பேராவது விளக்க முடியாது என்று சொல்ல வேண்டும். ஒரே சம்பவத்தை மூன்று முறைக்கு மேல் குழுவுக்குக் கொண்டுபோக முடியாது.

அப்புறம் அது இறையியலாளர்களிடம் போகும். அவர்கள் பார்ப்பது வேறு: குறிப்பிட்ட அந்த இறை மனிதரிடம்தான் வேண்டினார்களா, வேண்டிய நேரத்துக்கும் குணமான நேரத்துக்கும் தொடர்பு உண்டா? என் பார்வையில் பலவீனமான கண்ணி இதுதான். விளக்க முடியாத குணம் மருத்துவமனைகளில் எப்போதாவது நடப்பதே. அதை இன்னாருடைய பரிந்துரை என்று இணைக்கும் இடத்தில் அறிவியல் ஒதுங்கிக்கொள்கிறது, நம்பிக்கை பேசத் தொடங்குகிறது. மதர் தெரசாவை அருளாளர் ஆக்க எடுத்துக்கொள்ளப்பட்ட மேற்கு வங்கப் பெண்ணின் குணம் பற்றி, மருந்தால் சரியானது என்று சிகிச்சை அளித்தவர்கள் தரப்பிலேயே மறுப்பு வந்ததும் நினைவிருக்கலாம்.

வணக்கமா, ஆராதனையா?

787இல் கூடிய ஆயர்களின் பொதுப் பேரவையான இரண்டாம் நிசேயா சங்கம் ஒரு கோடு கிழித்தது. ஆராதனை இறைவனுக்கு மட்டும். புனிதருக்கும் அவர் படத்துக்கும் வணக்கம். படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் உள்ளவரையே சேர்கிறது. கிரேக்கத்தில் முதலாவது லாத்ரேயா, இரண்டாவது தூலியா. மரியாளுக்கு மட்டும் இரண்டாவதிலேயே ஒரு படி மேல்.

புத்தகத்தில் தெளிவாக இருக்கும் இந்தக் கோடு நடைமுறையில் எங்கே தெரிகிறது என்று பார்க்க, புனிதர்கள் மன்றாட்டு மாலையைக் கவனித்தால் போதும். இறைவன் பெயர் வரும் இடத்தில் மக்களின் பதில் ‘எங்கள்மேல் இரக்கமாயிரும்’. புனிதர் பெயர் வந்ததும் பதில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று மாறிவிடும். இரக்கம் காட்டும் அதிகாரம் ஒருவரிடம். வேண்டிக்கொள்ளும் வேலை மற்றவர்களிடம். கத்தோலிக்கப் போதனை முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது.

உவரியிலும் புளியம்பட்டியிலும் செவ்வாய்க்கிழமை அந்தோணியாரிடம் வருகிறவர்கள் எல்லாரும் இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டா மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்? நிச்சயம் இல்லை. பேய் விரட்ட, கடன் தீர, காணாமல்போனது கிடைக்க நேராக அவரிடமே கேட்பவர்கள்தான் அதிகம். அவர்களில் இந்துக்களும் உண்டு. ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தரின் ரத்தம் பட்டதாக நம்பும் செம்மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். இதைத் திருச்சபை தடுப்பதும் இல்லை, அப்படியே பாடமாகச் சொல்லித்தருவதும் இல்லை. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையினர் ‘சிலை வணக்கம்’ என்று சுட்டும்போது அவர்கள் பார்ப்பது இந்த நடைமுறையை. கத்தோலிக்க அறிஞர்கள் பதில் சொல்லும்போது எடுத்துக்காட்டுவது நிசேயாவின் கோட்டை. இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுவதால்தான் வாதம் முடிவதே இல்லை.

ஆர்த்தடாக்ஸ் வழி

கீழைத் திருச்சபைகளில் புனிதர் உண்டு, திருப்பண்டம் உண்டு, பரிந்துரை வேண்டலும் உண்டு. ஆனால் இத்தனை புதுமை என்ற கணக்கோ, நான்கு படி ஏணியோ கிடையாது. மக்கள் ஒருவருடைய கல்லறைக்குப் போகத் தொடங்குவார்கள், படம் வரைவார்கள், பாடல் எழுதுவார்கள். அது வேர்விட்டு நிலைத்த பிறகு அந்தந்தச் சபையின் ஆயர் பேரவை ஏற்று அறிவிக்கும். கிரேக்கத்தின் அதோஸ் மலைத் துறவி பைசியோஸ் 1994இல் இறந்தார். கான்ஸ்டான்டினோபிள் பேரவை அவரை 2015இல் சேர்த்தது. அதற்கு வெகு முன்பே கிரேக்க வீடுகளில் அவர் படம் இருந்தது.

ரஷ்ய மரபில் அறிவிப்பு நடக்கும் விதம் கவனிக்கத்தக்கது. அன்று வரை அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக வழிபாடு நடந்திருக்கும். அறிவிப்புக்கு முன் அந்த வழிபாட்டைக் கடைசி முறையாக நடத்துவார்கள். அதன்பின் அதே மனிதரை நோக்கி, எங்களுக்காக வேண்டும் என்று பாடுவார்கள். ஜெபத்தின் திசை ஒரே நாளில் திரும்பிவிடுகிறது. மறைசாட்சிக்காக ஜெபிப்பது அவரை அவமதிப்பது, அவருடைய ஜெபத்துக்கு நம்மை ஒப்படைப்பதே முறை என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீன் பிரசங்கித்ததும் இதையே.

1918இல் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்ட ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலாஸை 2000இல் மாஸ்கோ திருச்சபை புனிதர் வரிசையில் சேர்த்தபோது ரஷ்யாவுக்குள்ளேயே கொந்தளிப்பு. அவருடைய ஆட்சியை எப்படிப் புனிதம் என்பது? மாஸ்கோ அவரை மறைசாட்சி என்று சொல்லவில்லை, ‘பாடு சுமந்தவர்’ என்றது. விசுவாசத்துக்காகச் சாகாவிட்டாலும் சாவைக் கிறிஸ்துவைப்போல் பொறுமையோடு ஏற்றவர் என்பது பொருள். ஆட்சிக்கு அது சான்றிதழ் அல்ல. அயல்நாட்டில் தனியாக இயங்கிய ரஷ்யத் திருச்சபை 1981இலேயே அவரை மறைசாட்சி என்று அறிவித்திருந்தது. ஒரே மனிதர், ஒரே மரபு, இரண்டு வகை.

நமக்குப் பக்கத்தில் பார்த்தால் கேரளத்தின் பருமலை. அங்கே 1902இல் இறந்த மார் கிரிகோரியோஸை மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 1947இல் புனிதராக அறிவித்தது. கோயில் சொத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய மலங்கரையின் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய ஆகிய இரு தரப்பும் இந்த ஒருவரைப் புனிதராக ஏற்பதில் ஒத்துப்போகின்றன.

சீர்திருத்த சபைகள் மறுப்பது எதை?

1505இல் இடிமின்னலில் சிக்கிய இளைஞர் மார்ட்டின் லூத்தர் அலறியது புனித அன்னாளைக் கூப்பிட்டுத்தான். காப்பாற்றினால் துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டார். அவருடைய விட்டன்பர்க் ஊரில் இளவரசர் பிரெடெரிக் 19,000க்கும் மேற்பட்ட திருப்பண்டங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைத் தரிசித்தால் பாவத் தண்டனையில் இத்தனை ஆண்டு குறையும் என்று கணக்கும் இருந்தது. லூத்தரின் எதிர்ப்பு இந்தக் கணக்கிலிருந்து எழுந்தது.

அதனால் புனிதர்களையே லூத்தரன்கள் துடைத்துவிட்டார்கள் என்பது தவறு. 1530இல் அவர்கள் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 21ஆவது பிரிவு, புனிதர்களை நினைவுகூர்ந்து அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றலாம் என்கிறது. அவர்களிடம் உதவி கேட்க வேதம் கற்பிக்கவில்லை என்று அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. கால்வின் வழிச் சபைகள் இன்னும் கடுமை; படங்களையும் திருவிழாக்களையும் எடுத்தே விட்டார்கள். ரோமின் பதில் 1563இல் திரெந்து சங்கத்தின் கடைசி அமர்வில் வந்தது: புனிதரிடம் வேண்டுவது நல்லது, பயனுள்ளது. கவனியுங்கள், கட்டாயம் என்று அங்கும் சொல்லவில்லை.

வாதத்தின் எலும்புக்கூடு இது.

1. தேவனுக்கும் மனிதருக்கும் நடுவே ஒரே மத்தியஸ்தர் கிறிஸ்து என்கிறது 1 தீமோத்தேயு 2:5. வேறு ஆளிடம் போவது அவரைக் குறைப்பதாகும் என்பது சீர்திருத்தத் தரப்பு.

2. உயிரோடிருக்கும் நண்பரிடம் ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்று எல்லாச் சபையாரும் கேட்கிறார்களே, அது குறைப்பதில்லையா என்று கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸாரும் திருப்பிக் கேட்பார்கள்.

3. நண்பருக்குக் காது கேட்கும். இறந்தவருக்கு நாம் பேசுவது கேட்கும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்பது அதற்குப் பதில்.

4. வெளிப்படுத்தல் 5:8இல் விண்ணகத்து மூப்பர்கள் பரிசுத்தவான்களின் ஜெபங்களைத் தூபமாக ஏந்தி நிற்பதைக் கத்தோலிக்கர் காட்டுவார்கள். இறந்துபோன எரேமியா மக்களுக்காக வேண்டுவதாக 2 மக்கபேயர் 15இல் வருவதையும் காட்டுவார்கள். ஆனால் மக்கபேயர் நூல்கள் சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் இல்லை. அந்தப் பக்கம் அதோடு முடிந்தது.

ஆக, எல்லாத் தரப்பும் நல்லவரைப் போற்றுவதில் ஒத்துப்போகின்றன. இறந்தவரோடு பேச முடியுமா என்பதில் பிரிகின்றன.

ஆங்கிலிக்கன் சபை நடுவில் நிற்கிறது. அதன் 39 கொள்கைகளில் 22ஆவது, புனிதரிடம் மன்றாடுவதை வேத ஆதாரமற்ற வீண் கற்பனை என்று தள்ளுகிறது. ஆனால் நாட்காட்டி நிறையப் பெயர்கள். தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, இங்கிலாந்துத் திருச்சபையின் நாட்காட்டியில் ஜனவரி 2 அன்று நினைவுகூரப்படுகிறார். டோனாவூரில் பணிசெய்த மிஷனரி ஏமி கார்மைக்கேலுக்கு ஜனவரி 18. இருவருக்கும் புதுமை தேடவில்லை, மருத்துவக் குழு கூடவில்லை. அவர்கள் பெயரைச் சேர்த்தது சபையின் பொதுப் பேரவை. அங்கே அசரியாவுக்காக நன்றி சொல்வார்கள், அவரிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலிக்கன் மரபும் கலந்த நம் ஊர் சி.எஸ்.ஐ. ஆலயங்கள் ‘தூய தோமா’, ‘தூய யோவான்’ என்று பெயர் தாங்கியும் உள்ளே மன்றாட்டு மாலை ஒலிக்காததற்கும் காரணம் இதுவே.

பட்டியலிலிருந்து எடுக்க முடியுமா?

1969இல் ரோம் தன் பொது நாட்காட்டியைச் சுருக்கியபோது, பயணிகளின் பாதுகாவலரான கிறிஸ்தோபர் போன்றவர்களின் நாள் அதிலிருந்து விடுபட்டது. ‘கிறிஸ்தோபரின் புனிதர் பட்டம் பறிபோனது’ என்று இன்றும் எழுதுகிறார்கள். தவறு. நாட்காட்டி என்பது உலகம் முழுவதும் எந்த நாளில் யாரை நினைக்க வேண்டும் என்ற ஏற்பாடு. அதில் இடமில்லை என்றால் உள்ளூரில் கொண்டாடலாம். புனிதர் அறிவிப்பைத் திரும்பப் பெறும் வழி கத்தோலிக்கச் சட்டத்தில் இல்லை. விசாரணை இவ்வளவு மெதுவாக நகர்வதற்கு அது ஒரு காரணம்.

வேலி தாண்டியவர்கள்

2015 பிப்ரவரியில் லிபியாவின் கடற்கரையில் ஐஎஸ் பயங்கரவாதிகள் 21 பேரைக் கழுத்தறுத்துக் கொன்று காணொளி வெளியிட்டார்கள். 20 பேர் எகிப்திய காப்டிக் கிறிஸ்தவர்கள், ஒருவர் கானாவைச் சேர்ந்தவர். எல்லாரும் கூலி வேலைக்குப் போனவர்கள். காப்டிக் திருச்சபை சில நாட்களிலேயே அவர்களை மறைசாட்சிகள் என்று அறிவித்தது. 2023 மே மாதம், காப்டிக் தலைவர் இரண்டாம் தவாத்ரோஸ் வத்திக்கான் வந்திருந்தபோது, அந்த 21 பேரையும் ரோமின் மறைசாட்சியர் ஏட்டில் சேர்ப்பதாகப் பிரான்சிஸ் அறிவித்தார். 451இல் கால்சிதோன் சங்கத்தோடு பிரிந்த இரண்டு சபைகள். போஸ்டுலேட்டர் இல்லை, கோப்பு இல்லை, புதுமையும் கேட்கப்படவில்லை. ஏணியில் ஒரு படியைத் தாண்டுவது தெரிந்த விஷயம். இங்கே ஏணியையே பயன்படுத்தவில்லை. எட்டாம் அர்பன் இறுக்கிய விதிகளை வைத்துப் பார்த்தால் இது சின்ன மாற்றமில்லை.

அதற்கு முன்பே, 2015இல், பத்தாம் நூற்றாண்டு ஆர்மேனியத் துறவி நாரேக் கிரகோரியை ரோம் ‘மறைவல்லுநர்’ (திருச்சபை முழுமைக்கும் போதகராக மதிக்கப்படும் புனிதர்) வரிசையில் சேர்த்திருந்தது. அவருடைய திருச்சபையும் கால்சிதோனை ஏற்காதது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம் 1998இல் தன் மேற்கு வாசலுக்கு மேல் இருபதாம் நூற்றாண்டு மறைசாட்சிகள் பத்துப் பேரின் சிலைகளை வைத்தது. கத்தோலிக்கர் கோல்பேயும் ரொமேரோவும், லூத்தரன் போன்ஹோஃபரும், பாப்டிஸ்ட் மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ரொமேரோவை ரோம் அருளாளர் ஆக்கியதே அதற்கு 17 ஆண்டுகள் கழித்துத்தான்.

ஆனால் பகிர்ந்துகொள்வதிலும் நுணுக்கமான உரசல் உண்டு. ஜான் ஹென்றி நியூமன் பாதி வாழ்க்கை ஆங்கிலிக்கன் குரு, மீதி வாழ்க்கை கத்தோலிக்கர், கடைசியில் கர்தினால். 2019இல் ரோம் அவரைப் புனிதராக்கியது, 2025 நவம்பர் 1 அன்று மறைவல்லுநராகவும் அறிவித்தது. இங்கிலாந்துத் திருச்சபையும் தன் நாட்காட்டியில் அவரை வைத்திருக்கிறது. 1890இல் அவர் இறந்த ஆகஸ்ட் 11 அன்று நினைவுகூர்கிறது. புனிதருக்கு இறந்த நாளில் விழா எடுப்பதுதான் போலிகார்ப் காலத்திலிருந்து வழக்கம். கத்தோலிக்கர் நியூமனுக்குத் தேர்ந்தெடுத்த நாள் அக்டோபர் 9. 1845இல் அவர் ஆங்கிலிக்கன் சபையை விட்டுக் கத்தோலிக்கராகச் சேர்ந்த நாள் அது.